டப்பா மூடியில நேரம் எழுதினீங்களா? விந்து பரிசோதனையில நடக்குற தப்பு

வணக்கம் மக்களே! இந்த வாரம் ஐ.யூ.ஐ. (விந்தணுவ நேரா கருப்பைக்குள்ள செலுத்துற சிகிச்சை) பத்தி பேசுறதா சொல்லியிருந்தேன், அத தள்ளி வெச்சுட்டேன். காரணம், காட்பாடியில இருந்து ஒரு தம்பி அனுப்புன ரிப்போர்ட். கவுன்ட், அதாவது விந்தணு எண்ணிக்கை, மில்லிக்கு 9 மில்லியன். விந்தணு ஓட்டம், அதாவது அசையுற விந்தணு, 12 சதவீதம். "சாம்பிள் எடுத்த நேரம்"னு ஒரு கட்டம் இருக்கு, அது காலி! கீழ "ஐ.வி.எஃப். ஆலோசிக்கவும்"னு சீல் குத்தியிருக்காங்க, அதாவது டெஸ்ட் டியூப் குழந்தை சிகிச்சைய யோசிக்கச் சொல்றாங்க. எனக்கு கோவம் கோவமா வருது.

அந்த நேரம் தெரியாம 12 சதவீதத்துக்கு அர்த்தமே இல்ல. வீட்டுல எடுத்தா அரை மணி நேரத்துல லேபுக்குப் போயிடணும், அதிகபட்சம் 1 மணி நேரம். நம்ம வேலூர் மே மாச வெயில்ல, டப்பாவ பைக் டிக்கியில போட்டுக்கிட்டு கிரீன் சர்க்கிள் டிராபிக்ல நின்னா ஓட்டம் குறையத்தான் செய்யும். சட்டை உள்பாக்கெட்டுல, உடம்ப ஒட்டி வெச்சுக்கோங்க. ஐஸும் வேணாம், ஃப்ரிட்ஜும் வேணாம். எடுக்கும்போது சோப்பு, தேங்கா எண்ணெய், எச்சில் எதுவும் படக்கூடாது. சாதாரண காண்டம்ல எடுக்காதீங்க, அதுல இருக்குற பொருளே விந்தணுவக் கொன்னுடும். முதல்ல வர்ற பகுதியிலதான் விந்தணு அதிகம். அது கீழ சிந்திடுச்சுன்னா கூச்சப்படாம லேப்ல சொல்லிடுங்க.

ஆங், முக்கியமானத விட்டுட்டேன். எடுக்குறதுக்கு முன்னாடி 2 நாள்ல இருந்து 7 நாள் வரைக்கும் விந்து வெளியேறாம இருக்கணும். 20 நாள் சேத்து வெச்சா நல்லா வரும்னு நெனைக்காதீங்க, ஓட்டம் கொறஞ்சிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன கீழ் எல்லை: மில்லிக்கு 16 மில்லியன், மொத்த ஓட்டம் 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். வடிவம் 4தானான்னு பதறாதீங்க, அவ்ளோதான் வேணும். 16க்குக் கீழ வந்தா குழந்தையே பிறக்காதுன்னும் இல்ல. ஒரு வருஷத்துக்குள்ள மனைவி கர்ப்பமான ஆண்கள்லயே 100க்கு 5 பேர் அதுக்குக் கீழதான்.

விந்தணு உருவாகி வெளிய வர கிட்டத்தட்ட 3 மாசம் ஆகும். போன மாசம் டெங்கு காய்ச்சல் வந்திருந்தா, இப்போ கவுன்ட் விழும்.

இன்னொண்ணு, ஜிம்முல டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்குறீங்களே, அது எனக்கு சுத்தமா ஆகாது! வெளியில இருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விரைக்கு அனுப்புற எல்.எச்., எஃப்.எஸ்.எச்.ங்குற ஹார்மோன் சிக்னல நிறுத்திடும், விரையும் வேலைய நிறுத்திடும். கவுன்ட் பூஜ்யம் ஆகுற அளவுக்குப் போகும். ஊசிய விட்டப்புறம் பழைய நெலைக்கு வர பல மாசம், சில பேருக்கு வருஷத்துக்கு மேலயும் ஆகும்.

நில் கவுன்ட்னு, அதாவது விந்தணுவே இல்லன்னு வந்தாலும் அவசரப்படாதீங்க. குழாய் அடைப்பா, உற்பத்தியே இல்லையான்னு எஃப்.எஸ்.எச்., டெஸ்டோஸ்டிரோன், விரை அளவு பாத்துப் பிரிக்கணும். அடைப்புன்னா ஆபரேஷன் பண்ணி சரிசெய்யலாம், இல்ல விரையில இருந்தே ஊசியில விந்தணு எடுத்து இக்ஸி (ஒரு விந்தணுவ லேப்ல கருமுட்டைக்குள்ள செலுத்துறது) பண்ணலாம். உற்பத்தி கொறைவுன்னாலும் மைக்ரோ டீசேல (மைக்ரோஸ்கோப் வெச்சு விரைக்குள்ள விந்தணு தேடுற ஆபரேஷன்) சில பேருக்குக் கிடைக்கும். கையில தட்டுப்படுற வெரிகோசீலும் (விரைப்பையில ரத்தக்குழாய் வீங்கியிருக்குறது) இருந்து கவுன்ட்டும் கம்மின்னா ஆபரேஷன் பத்திக் கேளுங்க. ஸ்கேன்ல மட்டும் தெரியுற சின்ன வெரிகோசீலுக்குக் கத்தி வேணாம்.

தம்பி, காய்ச்சல், ஊசி எதுவும் இல்லன்னா 3 மாசம் காத்திருக்க வேணாம். சில வாரம் விட்டு இன்னொரு தடவ எடுங்க, இந்த வாட்டி லேப்லயே. மூடி மேல நேரத்த நீங்களே பேனாவால எழுதிக் குடுங்க.