முதல்ல கை, அப்புறம்தான் வலி

(காட்சி: காரைக்குடி வீடு ஒன்றின் அடுப்படி. சட்டியில் குழிப்பணியாரம்.)

குரல்: அப்பத்தா பேத்திகிட்ட பேசிக்கிட்டே பணியாரத்தைத் திருப்புறாங்க. புறங்கை சட்டி விளிம்புல பட்டிருச்சு. வெடுக்குன்னு கை பின்னால வந்திருச்சு. "ஸ்ஸ்..." அதுக்கப்புறம்தான். "என்ன அப்பத்தா, சுட்டிருச்சா?"

இந்த வரிசையை நிறுத்திப் பார்ப்போம்.

(காட்சி: அதே கணம், மெதுவாக. கை நரம்பின் வரைபடம்.)

சூட்டுச் சேதி கை நரம்பு வழியா கழுத்துப் பக்கம், முதுகெலும்புக்குள்ள இருக்கிற தண்டுவடத்துக்குள்ள நுழையுது. உணர்ச்சி நுழையிறது பின்பக்க நரம்பு வேர்ல. உள்ளேயே இடைநிலை நியூரான்கள், அதாவது நடுவுல நிக்கிற நரம்புச் செல்கள், அதைக் கைமாத்தி விட, "மடக்கு"ங்கிற உத்தரவு முன்பக்க வேர் வழியா தசைக்குப் போயிருது. பின்பக்கம் வரவு, முன்பக்கம் பற்று, செட்டிமார் பேரேடு மாதிரி. இதை 1822ல சோதனை செஞ்சு காட்டினவர் பிரெஞ்சு உடலியலாளர் பிரான்சுவா மஜாந்தி.

இதுவரைக்கும் மூளையை யாரும் கேக்கவே இல்ல.

அதே சேதி இன்னொரு பாதையில மேல ஏறி, மூளைத்தண்டு, மூளை நடுவுல சேதியைக் கைமாத்துற தலாமஸ் எல்லாம் தாண்டி பெருமூளையோட மேலடுக்கான புறணிக்குப் போய்ச் சேரும்போதுதான் சுட்டதே உறைக்குது. அதுவும் ரெண்டு தவணையா. முதல்ல சுரீர். பின்னாலேயே, நொடிக்கு ஒரு மீட்டர் கணக்குல ஊர்ந்து வர்ற உறையில்லாத நரம்பிழைகள் வழியா, எரிச்சல்.

அப்ப மூளைக்கு இதுல அதிகாரமே இல்லையா? இருக்கு.

(காட்சி: வளவில் பந்தி. ரசக் குண்டானோடு அப்பத்தா.)

பிடிதுணி நழுவி விரல் சுடுது. கீழே இலை முன்னால பிள்ளைக உக்காந்திருக்கு. கை விடல. தண்டுவடம் "விடு"ங்குது, பெருமூளை மேல இருந்து அதை அமுக்கிப் பிடிக்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டு குண்டானை இறக்கின பிறகுதான் கையை உதறுறாங்க. இந்த நரம்பு மண்டலத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

(காட்சி: மூளையின் மாதிரி வடிவம்.)

மூளை எடை 1.3, 1.4 கிலோ. நியூரான் சுமார் 8,600 கோடி. அதுல ஐந்துல நாலு பங்கு, பின்னால சின்னதா ஒட்டிக்கிட்டிருக்கிற சிறுமூளையில! ஆத்தங்குடியில தரைக்கல் செய்யக் கண்ணாடி மேல அச்சை வச்சு, கலர் சிமெண்டைக் கோடு தாண்டாம ஊத்துறாங்களே, அந்தக் கை நிதானத்துக்குச் சிறுமூளை வேணும். மூளைத்தண்டோட அடியில, தண்டுவடத்தோட சேர்ற முகுளம் மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்குது. பெருமூளையில இருந்து இறங்குற இயக்க உத்தரவுகள்ல பெரும்பகுதி முகுளத்துலதான் பக்கம் மாறுது. இடது மூளையில அடைப்புன்னா வலது கை, கால் விழுறது அதனாலதான்.

(காட்சி: முதுகெலும்பு, பக்கவாட்டில்.)

தண்டுவடம் ஏறக்குறைய 45 செ.மீ.; 31 ஜோடி நரம்பு. முதுகெலும்பு முழுக்க அது ஓடலைங்கிறது பலருக்குத் தெரியாது. பெரியவங்களுக்கு முதல், ரெண்டாவது இடுப்பு முள்ளெலும்புகிட்டயே முடிஞ்சிருது. கீழே திரவத்துல மிதக்குற நரம்பு வேர்க் கொத்து மட்டும்தான்.

சிசேரியனுக்கு முதுகுல ஊசின்னதும் "தண்டுவடத்துல குத்திருவாங்களோ"ன்னு வீடே பயப்படும். அந்த ஊசி போறது தண்டுவடம் முடிஞ்ச இடத்துக்கும் கீழே, பெரும்பாலும் மூணாவது, நாலாவது இடுப்பு முள்ளெலும்புக்கு நடுவுல. மருந்து வேர்களை மரத்துப்போக வைக்குது, மூளை முழிச்சிருக்கு. சில மணி நேரத்துல மருந்து வேகம் குறைஞ்சதும் கால் பழையபடி அசையும்.