எத்தனை படி இறங்க வேண்டும்?

(தண்டையார்பேட்டையில் குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, மண்டல அலுவலக வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உதவிப் பொறியாளர் அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வாங்காத அண்ணன் அவர்களே, முன்வரிசையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். தலைமை தாங்கும் ஆசிரியர் ஐயாவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஏழாம் வகுப்பில் என்னை பெஞ்சு மேல் ஏற்றியவர், இன்றைக்கு மேடை மேல் ஏற்றியிருக்கிறார். எங்கள் தெருவில் ரோடு மட்டும்தான் உயரும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள். சாலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்தச் சாலையை முதலில் போடுவது, போட்ட சாலையின் தரம் எப்படி. கொடுத்த நேரம் பத்து நிமிஷம். வரவேற்புரையே இருபது நிமிஷம், பரவாயில்லை.

பணம் ஒரு பையிலிருந்து வருவதில்லை. மாநகராட்சியின் சொந்த நிதி, நகர்ப்புற சாலை மேம்பாட்டுத் திட்டம், சிங்காரச் சென்னை 2.0, கவுன்சிலர் நிதி, எம்.எல்.ஏ. தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி. இது போக வடசென்னை வளர்ச்சித் திட்டம். 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி என்றார்கள், 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கி வைத்தபோது அதுவே 4,181 கோடி ஆகியிருந்தது. ரோடு மட்டுமல்ல, பலதும் அதில் அடக்கம். ஆக, வடசென்னைக்குப் பணமே வரவில்லை என்கிற பழைய பாட்டை இனிமேல் பாட முடியாது. வந்த பணத்தை எதில் போடுகிறோம் என்பதுதான் என் கேள்வி.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். பாட்டி கடைசிவரை குதிரை ஏறியதில்லை. எங்கள் தெருவில் நடந்திருக்கிறார், அது போதும்.

எங்கள் வீட்டை தாத்தா கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறினால்தான் திண்ணை. நான் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு படி. வேலைக்குப் போகும்போது வாசலும் ரோடும் சமம். 2009-ல் தங்கையைப் பெண் பார்க்க காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள். முந்தின ராத்திரி, யாரிடமும் சொல்லாமல், பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "சம்பந்தி வர்ற நேரம் பாத்து ரோடு போட்டிருக்கான், நல்ல சகுனம்" என்றார். மாப்பிள்ளையின் அம்மா பழத்தட்டோடு முதல் ஆளாக வலது காலை எடுத்து வைத்தார். கால் தரையைத் தேடுகிறது, தரை கீழே இருக்கிறது. தட்டு ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். ஆப்பிள் எல்லாம் உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. கூட வந்த அத்தை வாசலிலேயே நின்றுகொண்டு, "என்னங்க இது, பாதாள லோகமா?" என்கிறார். எங்கள் அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. கீழே விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பொண்ணை வரச் சொல்லுங்க. நான்தான் உக்காந்தாச்சே."

கல்யாணம் நன்றாக நடந்தது. ஒரு ஆப்பிள் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அந்த அம்மா போனில் இன்றைக்கும் முதலில் கேட்பது, "இப்ப எத்தனை படி?" என்றுதான். இரண்டு படி இறங்குகிறோம் அம்மா. அந்தப் புது ரோடாவது நிலைத்ததா? ஐந்தாம் நாள் ஒரு துறையிலிருந்து ஆட்கள் வந்து, குழாய்க்கென்று நடுத்தெருவை வெட்டினார்கள். தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்.

பொறியாளர் சிரிக்கிறார். அவருக்குத் தெரியும், புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான், அதாவது மில்லிங் செய்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். பஸ் போகிற ரோட்டில் மில்லிங் வண்டியைப் பார்க்கிறோம். சந்துக்குள் அது நுழையாது என்கிறார்கள். ஜல்லி லாரி நுழைகிறது, தார் வண்டி நுழைகிறது, மழை பெய்தால் தண்ணீர் கேட்காமலே நுழைகிறது. ரோடு மேலே போய்விட்டால் தண்ணீருக்குப் பள்ளம் நம் கூடம்தான். உள்ளே புகுந்த தண்ணீரை எந்த மழைநீர் வடிகால் வந்து இழுக்கும்?

முன்னுரிமைக்கு வருகிறேன். யார் அதிகம் போன் செய்கிறார்களோ அந்தத் தெரு முதலில் என்றில்லாமல், எந்தத் தெருவில் ஜனங்கள் அதிகப் படி இறங்குகிறார்களோ அதற்கு முதல் பணம் என்று வையுங்கள். மில்லிங் செலவு எஸ்டிமேட்டில் இல்லையென்றால் அந்த ரோடே வேண்டாம் என்று பகுதி சபையில் நாம் எழுந்து சொல்ல வேண்டும். கவுன்சிலர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தம் நிதியில் இந்த ஆண்டு ஒரே ஒரு தெருவையாவது சுரண்டிப் போட்டுக் காட்டினால் அவருக்கு மாலை நான் வாங்கி வருகிறேன். இந்த முறை சொந்தக் காசில்.

செயலாளர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். தரத்தைப் பற்றி அடுத்த ஆண்டு விழாவில்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு தண்ணீர்த் தொட்டி முனைக்கு வாருங்கள். வீட்டுக்காரர் சம்மதித்த சுவரில் எல்லாம் இன்றைய ரோடு மட்டத்துக்கு நீலக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதப் போகிறோம். பெயிண்ட் வாங்கியாகிவிட்டது. பிரஷ் இரண்டுதான் இருக்கிறது, வீட்டில் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். பொறியாளர் ஐயா, உங்கள் டேப்பைக் கொண்டுவந்தால் நல்லது, எங்களுடையது ஆறு அடியில் அறுந்துவிட்டது.