வளையல் ஏறாத கை

நடுவர் அவர்களே, பெரம்பூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பிள்ளையின் ஆரோக்கியத்துக்கு அடித்தளம் வளர்ப்பு என்கிறது எதிரணி. கர்ப்ப காலத்தில் தாயின் இதயம் எப்படி இருந்தது என்பதே அடித்தளம் என்கிறோம் நாங்கள்.

எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கினார். "எங்க ஆயா பத்துப் பெத்தாங்க. பிரஷரா பார்த்தாங்க?" தம்பி, இதையே எங்கள் ஆயாவிடம் கேட்டேன். "பெத்தது ஒம்போது, நின்னது ஆறு" என்றார். மறுபடி சொல்கிறேன், கேளுங்கள். பெத்தது ஒம்போது, நின்னது ஆறு! நின்றதை எண்ணிக்கொண்டு மேடையேறிவிட்டீர்கள். அந்த மூன்றை யார் எண்ணுவது?

பிரஷர் பார்க்காத கதை எங்கள் வீட்டிலும் உண்டு. அக்காவுக்கு ஒன்பதாம் மாத வளைகாப்பு. அவளுக்கு எப்போதும் இரண்டு நாலு அளவு வளையல்தான். அன்றைக்கு ஏறவில்லை. சரி என்று இரண்டு ஆறு எடுத்தார்கள், அதுவும் ஏறவில்லை. சோப்பு போட்டு இரண்டு எட்டைத் தள்ளினால் அது கட்டை விரலிலேயே நிற்கிறது! "நீர் கோத்திருக்கு, ஆம்பளப் பிள்ளதான்" என்று அத்தை சிரிக்கிறார். அக்காவோ காலையிலிருந்து தலைவலி என்கிறாள், காதில் வாங்க ஆளில்லை. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு நர்ஸம்மா சாப்பிட உட்கார்ந்தவர், இலையை விட்டு எழுந்து வந்து அக்காவின் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. "ஆட்டோ கூப்பிடுங்க" என்றார். எழும்பூர் ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் 160/110. 140/90 தாண்டினாலே ஆபத்து. அன்று இரவே ஆபரேஷன். பையன் 1.9 கிலோ.

கர்ப்பத்தில் தாயின் ரத்தம் ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது, அத்தனையையும் அந்த ஒரே இதயம்தான் இறைக்க வேண்டும். அக்காவுக்கு வந்தது போன்ற ரத்தக் கொதிப்பில் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையும், பிள்ளையின் வளர்ச்சி சுணங்கும். பிறந்த பிறகும் அது விடுவதில்லை. 6 நாடுகளில் 2,302 தாய்-பிள்ளை ஜோடிகளைப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளியானது. கர்ப்பத்தில் எடை, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, புகை இவை சரியாக இல்லாத தாய்மார்களின் பிள்ளைகளுக்கு, 10 முதல் 14 வயதிலேயே இதய நலம் குறைவாக இருந்தது. வளர்ப்பு முக்கியம்தான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் அது வந்து சேர்வதற்குள் பத்து மாதம் ஓடிவிடுகிறதே!

அந்த 1.9 கிலோ பையனுக்கு இப்போது 12 வயது. வருஷா வருஷம் அவனுக்கும் பிரஷர் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அக்காவுக்கு அன்று வந்த பிரஷர் போகவே இல்லை, மாத்திரையில்தான் இருக்கிறாள். சாயங்காலம் டியூஷனுக்குக் கிளம்பும் முன் அவன்தான் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றுவான். அன்றைக்கு வளையல் ஏறாத அதே கை, நடுவர் அவர்களே. "பேசாத இரும்மா" என்பான். எண் நிற்கும் வரை அவனும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான்.

நன்றி, வணக்கம்.