நாலு எழுத்து கொக்கியும் நம்ம ஊர் ரயிலும்

(காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு ஸ்கூல் ஆண்டு விழால பேசுனது. கேட்டவங்களுக்காக டைப் பண்ணி போடறேன்.)

தலைமை ஆசிரியர் அய்யா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அண்ணன் அவர்களே, வேலை கெட்டு வந்திருக்கற ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பொன்னாடை போத்துன வார்டு மெம்பர் அண்ணன் அவர்களே (அந்தத் துண்டு நல்ல துண்டுண்ணே, வீட்ல வாங்கி வச்சிக்கிட்டாங்க), மைக் செட் தம்பி, பசியோட உக்காந்திருக்கற புள்ளைங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

மூணு விஷயம் சொல்லப்போறேன். ஆட்டோஃபேஜின்னா என்ன, அதுல குட்டி கொக்கிக்கு என்ன வேலை, கேன்சருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்.

நம்ம ஒடம்புல பட்டினி கெடக்கற செல்லு தன்னோட பழைய சாமான ஒரு பையில சுத்தி கரைச்சி மறுபடி உபயோகப்படுத்திக்கும், அதான் ஆட்டோஃபேஜி. ஈஸ்ட்ட பட்டினி போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தே இது எப்படி நடக்குதுன்னு கண்டுபிடிச்சாரு ஜப்பான்காரர் ஓசுமி, 2016ல நோபல் குடுத்தாங்க. அந்தப் பை மேல எல்சி3ன்னு ஒரு புரோட்டீன் ஒட்டிக்கிட்டிருக்கும். அதப் பிடிக்க மத்த புரோட்டீன்ல இருக்கற கொக்கிக்குப் பேரு எல்ஐஆர், பாத்தா வெறும் நாலு அமினோ அமிலம் (புரோட்டீன கோத்து வச்சிருக்கற மணிங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து). மொதல்ல டிரிப்டோஃபானோ ஃபினைல்அலனினோ டைரோசினோ, நடுவுல ரெண்டு எதுவா வேணா இருக்கலாம், கடைசில லூசின் மாதிரி ஒண்ணு. எல்சி3ல ரெண்டு குழி இருக்கு, மொதலும் கடைசியும் அதுல போய் உக்காந்துக்கும். சிறு துரும்பும் பல் குத்த உதவும்னு சும்மாவா சொன்னாங்க!

எங்க மாமா கதைய சொன்னாத்தான் இது புரியும். ஒரு சீசன்ல ட்ரெய்லர் நெறைய பெங்களூரா மாங்கா ஏத்திக்கிட்டு மாங்கூழ் ஃபேக்டரிக்குக் கெளம்புனாரு. டிராக்டரையும் ட்ரெய்லரையும் மாட்டற பின்னு தொலஞ்சி போச்சி, "அட ஒரு பின்னு தானடா"ன்னு கடப்பாரை துண்டு ஒண்ண சொருகிட்டு, ரேடியோவ சத்தமா வச்சிக்கிட்டு போறாரு, மேட்டுல ஏறுறப்போ துண்டு எகிறிடுச்சி, ட்ரெய்லர் பின்னாடியே உருண்டு ஒரு புளியமரத்துல சாஞ்சி நின்னுடுச்சி, மாங்கா பூரா ரோட்டுல, இவரு "இன்னிக்கி வண்டி நல்லா இழுக்குதே"ன்னு சந்தோஷமா ஃபேக்டரி கேட்டு வரைக்கும் போயி டோக்கனும் வாங்கிட்டாரு. வாட்ச்மேன் சுத்திப் பாத்துட்டு, "சாமி, மாங்கா எங்க?"ன்னாரு. மாமா திரும்பிப் பாத்த மூஞ்சிய நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். திரும்பி வந்து பாத்தா பாதி மாங்காய ஊரே மடியில கட்டிக்கிட்டு போயிருச்சி. சிறு துரும்பும்... சொல்லுங்க, சொல்லுங்க!

செல்லுலயும் இதே கதைதான். ஏடிஜி4பின்னு ஒரு என்சைம், அதாவது கத்திரி மாதிரி வெட்டற ஒரு புரோட்டீன், எல்சி3யோட வால வெட்டி பையில ஒட்டறதுக்கு ரெடி பண்ணும், வேலை முடிஞ்சதும் அதே ஆளு வந்து கழட்டியும் விடும். வெட்டறவனும் அவனே கழட்டறவனும் அவனேன்னா, எப்ப வரணும் எவ்ளோ நேரம் பிடிச்சிருக்கணும்னு ஒரு கட்டுப்பாடு வேணும்ல? அவன் வால் நுனியிலயும் அந்த நாலு எழுத்துக் கொக்கி இருக்கு, அதான் பிடிய இறுக்கிக் குடுக்குது. வேலைய ஆரம்பிச்சி வைக்கற யுஎல்கே1 என்சைமுக்கும் ஒண்ணு இருக்கு, அத வச்சித்தான் அது பை பக்கத்துலயே நிக்குது. சில புரோட்டீன்ல கொக்கி பக்கத்துல பாஸ்பேட்னு ஒரு குட்டி துணுக்கு ஒட்டுனா பிடி இன்னும் இறுகும்.

இப்ப செல்ல விடுங்க, நம்ம ஊருக்கு வாங்க. மொரப்பூர்லருந்து தர்மபுரி வழியா ஓசூருக்கு ஒரு காலத்துல சின்ன லைன் ஓடுச்சி, திருப்பத்தூர்லருந்து கிருஷ்ணகிரிக்கும் ஓடுச்சி. உலகப்போர் சமயத்துல, 1941ல, மொரப்பூர் லைன நிறுத்திட்டாங்க, தண்டவாளமும் போச்சி. பஞ்சத்துல தன்னையே தின்ன மாதிரிதான். ஆனா செல்லு தின்னத வச்சி திரும்பக் கட்டிக்கும், இங்க யாரு கட்டுனா? மொரப்பூர்-தர்மபுரி முப்பத்தாறு கிலோமீட்டர்தான், அதுக்கு அடிக்கல்லு நட 2019 ஆயிடுச்சி. கிருஷ்ணகிரி 2004ல தனி மாவட்டம் ஆச்சி, ஓசூர்ல ஸ்டேஷன் இருக்கு, மாவட்டத் தலைநகர்ல இல்ல! மாங்கா ஏத்தற ஊருல ஒரு சரக்கு பெட்டி நிக்க எடம் கெடையாதா? சின்ன இணைப்புதாங்க கேக்கறோம், சிறு துரும்பு!

தலைமை ஆசிரியர் அய்யா சீட்டு அனுப்பிட்டாரு, ரெண்டு நிமிஷமாம். கேன்சர் அடுத்த வருஷம். வாசல்ல சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் எங்க பையன் ரயில் மனுவோட நிக்கறான், பெரியவங்க ஒரு கையெழுத்து போட்டுட்டு போங்க. பேனா ஒண்ணுதான் இருக்கு, அதையும் யாரோ மூடிய கழட்டிட்டாங்க, பாத்துப் போடுங்க.