முப்பத்தொரு பல்புகள்

நேயர்களே, வணக்கம். இன்றைக்கு ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான் பேச்சு. பேனை பக்கத்தில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்: 2147483647. வாயால் சொன்னால், 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647.

லயத்து வாசல் நெடுக 31 பல்பு தொங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் பல்பின் பெறுமதி 1, அடுத்தது 2, அதற்கடுத்தது 4, இப்படியே இரட்டித்துக்கொண்டு போகிறது. எல்லாம் எரிந்தால் மொத்தம் இந்த எண்தான், அதாவது 2இன் 31ஆம் வலுவுக்கு ஒன்று குறைவு. கணினி 32 பிட்டில், அதாவது 32 பல்பில், முழு எண் எழுதும்போது 32ஆவது பல்பின் பெறுமதி மட்டும் மறைப் பெறுமதி: −2147483648. 31 பல்பும் எரிகிற நேரத்தில் இன்னும் ஒன்றைக் கூட்டிப்பாருங்கள். அத்தனையும் அணைந்து கடைசிப் பல்பு மட்டும் எரியும். பழைய லொறியின் மீட்டர் 9களைத் தாண்டிப் பூச்சியத்துக்கு உருளும் அல்லவா? இது பூச்சியத்தில் நிற்காது, நேரே மறைப்பக்கம் போய் விழும்.

தோட்டச் சம்பளக் கணக்கைச் சதத்தில் இப்படி வைத்தால் 2 கோடியே 14 இலட்சத்து 74,836 ரூபா 47 சதத்தோடு இடம் தீர்ந்துவிடும். அடுத்த சதத்தில் மொத்தத் தொகை கடனாகத் தெரியும். நேரமும் அப்படியே. 1970 ஜனவரி 1 முதல் செக்கன்களை 32 பிட்டில் எண்ணும் பழைய கணினிகள் 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனில் எல்லையைத் தொடும். அடுத்த செக்கன் 1901 டிசம்பர் என்று காட்டும். பொங்கல் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். 64 பிட்டுக்கு மாற்றுவதே பரிகாரம்.

இதே எண் ஒரு முதன்மை எண்ணும் கூட. அதற்கும் மேலே சொன்ன கோளாறுக்கும் தொடர்பில்லை, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 16 பிட்டின் எல்லையான 32767இலும் அதே கோளாறு வரும், ஆனால் அது முதன்மை எண் அல்ல: 7 × 31 × 151 என்று உடைத்துவிடலாம்.

1772இல் 2147483647ஐ முதன்மை எண் என்று அறிவித்தவர் கணித மேதை ஒயிலர். அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 46340 வரை, ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தாரா என்றால், இல்லை. இந்த எண்ணுக்கு முதன்மைக் காரணி இருந்தால் அதை 31ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். 8ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதி வரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். சுமார் 370தான். அவற்றிலும் முதன்மை அல்லாதவற்றைத் தள்ளிவிடலாம். 249 போகும், ஏனெனில் அது 3 × 83. 311ஐப் போட்டுப் பார்த்தால் மீதி 35. இப்படியே கடைசி வரை எதுவும் மீதியின்றி வகுக்காது.

வலு முதன்மை எண்ணாக இருந்தால் போதும், ஒன்று குறைத்து வருவதும் முதன்மை எண்ணாகிவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2இன் 11ஆம் வலுவில் ஒன்று குறைத்தால் 2047, அது 23 × 89. ஓ.எல். பிள்ளைகள் இன்றிரவு 23ஆம் வலுவை எடுத்து ஒன்று குறைத்துப் பாருங்கள்: 8388607. காரணியை 23ஆல் வகுக்க மீதி 1, 8ஆல் வகுக்க 1 அல்லது 7. சோதிக்க வேண்டிய முதல் எண்ணே 47. அதிலேயே உடைந்துவிடும்.