வாசலிலேயே தீர்ந்துபோகும் உறுதி

நடுவர் ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசி அரங்கத்தின் பாதிக் கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போன எதிரணி அக்காவுக்கும், நாகர்கோவில் புழுக்கத்தில் ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்து அசையாமல் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம்.

‘பெண்களின் சாதனைக்குப் பெரிதும் காரணம் மன உறுதியா, திறந்த வாசலா?’ இதுதான் தலைப்பு. மன உறுதிதான் என்று பேசிய அக்கா, நினைத்துவிட்டால் பெண் மலையையே புரட்டுவாள் என்றார். சரி அக்கா, புரட்டட்டும். புரட்டி முடித்த பிறகு ஆராய்ச்சி செய்ய அவளுக்கு நேரம் எங்கே மிச்சம் இருக்கும்?

ஆரல்வாய்மொழி வழியாகப் பஸ்ஸில் போகாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். முப்பந்தல் தாண்டும்வரை இரண்டு பக்கமும் காற்றாலை. ஆடி மாதத்தில் ஷட்டரை இறக்கிவிட்டாலும் தலைமுடி நிற்காது. காற்று நமக்குப் புதிதில்லை. ஆனால் எந்த மாதத்தில், எவ்வளவு உயரத்தில், என்ன வேகத்தில் அடிக்கிறது என்று அளந்து எழுதினால்தான் அதை நம்பி ஒருவர் பணம் போடுவார். நாடு முழுக்க அப்படிக் காற்றை அளந்து தொகுத்ததில் பெரும்பங்கு வானிலை விஞ்ஞானி அன்னா மாணிக்கு உண்டு. 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர். அன்றைக்குப் பீர்மேடும் நாமும் ஒரே திருவிதாங்கூர் என்பதால், நடுவர் அனுமதித்தால் நம்ம ஊர்ப் பெண் என்றே சொல்லிக்கொள்வேன்.

அவர் 1940-ல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்குப் போய், சி.வி.ராமனிடம் வைரம், மாணிக்கக் கற்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். (வைரம் என்றதும் முன்வரிசை நிமிர்கிறது. நகைக்கடை விஷயம் இல்லை, உட்காருங்கள்.) ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் ஒரு நிறமாலையைப் பதிவு செய்ய ஒளிப்படத் தகட்டின் மேல் 15, 20 மணி நேரம் வெளிச்சம் விழ வேண்டும். அதனால் பல இரவுகள் ஆய்வகத்திலேயே தூங்கினார். ஐந்து கட்டுரைகள், ஐந்தும் அவர் பெயரில் மட்டும். 1945-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் ஆய்வேட்டைக் கொடுத்தார். எம்.எஸ்சி. படிக்கவில்லை என்று சொல்லி டாக்டர் பட்டம் தர மறுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் பி.எஸ்சி. ஆனர்ஸ் முடித்தவர். கடைசிவரை அந்தப் பட்டம் அவருக்கு இல்லை. பிறகு வானிலைத் துறையில் சேர்ந்து துணைத் தலைமை இயக்குநர்வரை உயர்ந்தார், அது வேறு வாசல்.

எதிரணி இந்த இடத்தில் உயிர்வேதியியல் விஞ்ஞானி கமலா சோகோனியைக் கொண்டுவரும் என்று தெரியும். நானே கொண்டுவருகிறேன். 1933-ல் அதே இந்திய அறிவியல் நிறுவனத்தில், பெண் என்ற ஒரே காரணத்துக்காக அவருக்கு இடம் மறுத்தவர் சாட்சாத் ராமன்தான். நோபல் வாங்கியவர், என்ன செய்ய! கமலா விடவில்லை. ஒரு வருஷம் சோதனை முறையில் இருக்கலாம் என்று நிபந்தனையோடு சேர்த்தார்கள். நிரூபித்தார், அப்புறம் 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் வாங்கினார். மன உறுதிதான், மறுக்கவில்லை. ஆனால் பின்னால் வந்த அன்னா மாணி அந்த வாசலில் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய உறுதி முழுக்க அந்த 20 மணி நேரத் தகட்டுக்குப் போனது. பூட்டிய வாசல் உறுதியைத் தின்றுவிடும் நடுவர் ஐயா, திறந்த வாசல் அதை வேலைக்கு விட்டுக்கொடுக்கும். என் அணியின் வாதமே இவ்வளவுதான்.

குளச்சலுக்கு வாருங்கள். 1957-ல் அந்தத் தொகுதியில் ஜெயித்த லூர்தம்மாள் சைமன், காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சிக்கும் மீன்வளத்துக்கும் அமைச்சரானார். அன்றைக்கு அது அதிசயம். தமிழ்நாட்டில் 2016-ல் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்த பிறகு, ஊராட்சித் தலைவி என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ‘நாற்காலியில் புருஷன்தானே உட்கார்கிறான்’ என்று பின்வரிசை அண்ணாச்சி முணுமுணுக்கிறார். சில ஊரில் உண்டு. அதற்காகப் பிடுங்க வேண்டியது நாற்காலியையா அண்ணாச்சி, புருஷனையா?

சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1 திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜி நம்ம பக்கத்துச் செங்கோட்டைக்காரர். அங்கே அரசுப் பள்ளி, திருநெல்வேலியில் அரசு பொறியியல் கல்லூரி. 2022-ல் சி.எஸ்.ஐ.ஆர். என்ற அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றத்துக்கு முதல் பெண் தலைமை இயக்குநரான கலைச்செல்வி அம்பாசமுத்திரத்துக்காரர், பள்ளியில் தமிழ்வழி. எட்டுகிற தூரத்தில் படிக்க ஓர் இடம் இல்லாவிட்டால் இவர்களுடைய உறுதியை யார் கண்டிருப்பார்கள்? நாகர்கோவிலில் 1965-ல் ஹோலி கிராஸ் மகளிர் கல்லூரி வந்தது. ‘படித்தது போதும்’ என்ற அப்பாவிடம், ‘சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவாள்’ என்று சொல்ல அம்மாவுக்கு ஒரு வழி கிடைத்தது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் குமரி. அந்தப் பெருமை சும்மா வரவில்லை.

மகளிர் தினத்தன்று பொன்னாடை போர்த்துகிறோம், கேடயம் கொடுக்கிறோம். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆராய்ச்சி மாணவிக்குக் குழந்தை பிறந்தால் அவளுக்கு வேண்டியது பொன்னாடையா? 240 நாள் விடுப்பும், ஆய்வை முடிக்கக் கூடுதலாக இரண்டு வருஷமும் உண்டு என்று 2016-ல் யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, விதியில் எழுதினார்களே, அந்த இரண்டு வரிதான் எனக்குக் கொண்டாட்டம். அதை எழுதாத காலத்தில் பாதியில் நின்ற மாணவிகளுக்கெல்லாம் மன உறுதி இல்லை என்று அக்கா சொல்வாரா?

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து எதிரணியில் பேச வருகிற அண்ணாச்சிக்கு ஒரே ஒரு கேள்வி. 1945-ல் அன்னா மாணியிடம் இன்னும் எவ்வளவு மன உறுதி இருந்திருந்தால் அந்தப் பட்டம் கிடைத்திருக்கும்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் பேச்சை ஆரம்பிக்கட்டும். நன்றி, வணக்கம்.