வாசலைத் தாண்டிய பிறகும் தொடரும் தடை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்காவில் லத்தீனா மாணவிகள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்கள், மருத்துவராவதற்குப் பெருந்தடை கல்லூரி வாசலிலா, வாசலுக்கு உள்ளேயா என்பது இன்றைய தலைப்பு. உள்ளேதான் என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும், மறு ஆண்டே மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த ஹிஸ்பானிய, அதாவது ஸ்பானிய மொழி வழிவந்த சமூகத்து, மாணவர்களின் எண்ணிக்கை 10 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்ததையும், 2 லட்சம் டாலரைத் தொடும் கல்விக் கடனையும் எடுத்துரைத்தார். எதையும் நான் மறுக்கவில்லை. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் 18.7 விழுக்காடாக இருந்த ஒரு சமூகத்துக்கு, மருத்துவர்களில் 10 விழுக்காடுகூட இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் வாசலில் இருக்கும் தடை கண்ணுக்குத் தெரியும். அதை எதிர்த்துப் போராடலாம், நிதி திரட்டலாம். உள்ளே இருப்பதை யாரிடம் போய் முறையிடுவது?

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் குழு நோயாளிகளைப் பார்த்துவரும் காலை ரவுண்ட்ஸில் தன் நோயாளியைப் பற்றி மூத்த மருத்துவரிடம் விவரிக்க இரவெல்லாம் படித்துவிட்டு நிற்கிறாள். பக்கத்து அறையில் ஸ்பானிய மொழி மட்டுமே தெரிந்த ஒரு மூதாட்டி. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாத ஒருவர் இவளைக் கூப்பிடுகிறார். மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும், எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லி முடித்துத் திரும்புவதற்குள் மருத்துவர் குழு அடுத்த வார்டுக்குப் போய்விட்டது. மாதக் கடைசியில் மதிப்பீட்டுத் தாளில் எழுதப்படுவது, 'ரவுண்ட்ஸில் அதிகம் பேசுவதில்லை'.

அவள் செய்தது யாருடைய வேலை? அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் மொழி உதவி தர வேண்டும் என்பது 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்திலிருந்து வரும் கடமை. 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரையே கேட்கின்றன. மருத்துவமனை சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை, கட்டணம் கட்டிப் படிக்க வந்தவள் இலவசமாகச் செய்கிறாள்.

இதில் என்ன பெரிய நட்டம் என்று கேட்பார்கள். மருத்துவராகப் பணியாற்ற எழுத வேண்டிய உரிமத் தேர்வின் முதற்கட்டத்துக்கு முன்பெல்லாம் மதிப்பெண் உண்டு. 2022 ஜனவரியிலிருந்து தேர்ச்சி, தோல்வி மட்டுமே. நல்ல நோக்கத்தோடு வந்த மாற்றம்தான். ஆனால் பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் பயிற்சியான ரெசிடென்சி இடத்துக்கு ஆளெடுப்பவர்கள் இப்போது இரண்டாம் கட்ட மதிப்பெண்ணோடு, வார்டில் கிடைத்த மதிப்பீட்டையும் பரிந்துரைக் கடிதத்தையும் முன்னைவிட உற்றுப் பார்க்கிறார்கள். ஓர் எண் இருந்த இடத்தில் ஒருவருடைய அபிப்பிராயம் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்த மொழித்திறனை 'சின்ன உதவி' என்று ஒதுக்குவோருக்கு லாஸ் ஏஞ்சலஸ் வழக்கை நினைவூட்டுகிறேன். ஸ்பானிய மொழி பேசிய மெக்சிக்க வம்சாவளிப் பெண்களிடம், பிரசவ வேதனையின் நடுவே, ஆங்கிலப் படிவங்களில் கையெழுத்து வாங்கிக் கருத்தடை அறுவை செய்ததாக அங்குள்ள அரசு மருத்துவமனை மீது தொடுக்கப்பட்ட வழக்கில், 1978இல் அந்தப் பெண்கள் தோற்றார்கள். நோயாளி கொடுத்தது உண்மையான சம்மதம்தானா என்று அறிந்துகொள்வது மருத்துவத் திறமை இல்லையென்றால் வேறெது மருத்துவத் திறமை?

இத்தகைய கருத்தடைக் கொடுமையை எதிர்த்துப் போராடிய குழந்தை மருத்துவர் ஹெலன் ரோட்ரிகஸ் ட்ரியாஸ், அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் முதல் லத்தீனா தலைவராக 1993இல் பொறுப்பேற்றவர். சிறுவயதில் நியூயார்க் பள்ளியில், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தும், மந்தமான பிள்ளைகளுக்கான வகுப்பில் உட்கார வைக்கப்பட்டார். ஒரு கவிதையை அவர் மனப்பாடமாய்ச் சொன்னதைக் கேட்ட ஆசிரியை ஒருவர்தான் வகுப்பை மாற்றினார். பள்ளியின் வாசல் திறந்தே இருந்தது, நடுவர் அவர்களே! அவரே வென்று காட்டவில்லையா என்று எதிரணி கேட்கக்கூடும். அவர் 1960இல் மருத்துவப் பட்டம் பெற்றது, நோயாளியும் ஆசிரியரும் ஸ்பானிய மொழி பேசிய புவேர்ட்டோ ரிக்கோவில்.

எதிரணியின் அடுத்த பேச்சாளர் கட்டணத்தைப் பற்றி நிச்சயம் பேசுவார். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2018இலேயே கல்விக் கட்டணத்தை நீக்கிவிட்டது, வரவேற்கிறேன். நாளைக்கே நாடு முழுவதும் அப்படிச் செய்தாலும், ரவுண்ட்ஸின் நடுவே அவளைக் கூப்பிடும் அந்தக் குரலை எந்த உதவித்தொகை நிறுத்தும் என்பதற்கு மட்டும் அவர் விடை சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகு தாங்கள் தீர்ப்பு வழங்குங்கள்.